காயக் கூடாத கல்

எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைமேல் எழுந்த பழைய கோட்டை நகரம் அது. அங்குள்ள கல்லூரியில் கனிமங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். சேலத்துப் பக்கமிருந்து கிணறு வெட்ட மனைவியோடு வந்து தங்கியிருந்த செங்கோடன், பாறைப் பொந்தில் கிடைத்த வெள்ளைப் படிகக் கொத்தை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

“காய விட்றாதீங்க சார், உதுந்து போயிரும்.”

எனக்குத் தெரியாததா? ஆனாலும் கோடை விடுமுறையில் மறந்துபோனேன். திரும்பி வந்தபோது கண்ணாடிப் பெட்டியில் ஒரு கைப்பிடி வெள்ளை மாவுதான் கிடந்தது.

அடுத்த மாதம் கிணற்றில் பாறை சரிந்து செங்கோடன் இறந்தார். காரியம் முடிந்து அவர் மனைவி பாவாயி வந்தார்.

“அவரு குடுத்த கல்ல ஒருக்கா பாத்துட்டுப் போறனுங்க சார்.”

அலமாரியிலிருந்து வேறொரு வெள்ளைக் கல்லை எடுத்துக் கொடுத்தேன். எந்த வெயிலுக்கும் அசையாத கல். தொட்டதும் அவர் முகம் வாடியது.

“என்னங்க சார், இப்படிக் காயப் போட்டிருக்கீங்க?”

மேசையிலிருந்த தண்ணீரில் முந்தானையை நனைத்து, கல்லைப் பொத்திக்கொண்டார்.

“உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்குமுங்க. இனி வாராவாரம் நானே வந்து நனைச்சுட்டுப் போறனுங்க.”

ஏழு வாரமாயிற்று. வியாழக்கிழமைதோறும் காலையில், அவர் வருவதற்கு முன்பே ஜக்கில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுகிறேன்.