சாவிக் கோப்பில் ஒரு வரி

அரூரில் எங்கள் வீட்டு மேசையில், பிற்பகல் வெயில் மடிக்கணினித் திரையைப் பாதி மறைக்கிறது. ராதிகா துப்பட்டாவை நிழலாகப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். சித்தேரி மலையின் மழை அளவு சேரும் அலுவலகக் கணினிக்குள் ஒன்பது ஆண்டுகள் இங்கிருந்தே நுழைந்தவர் என் கணவர் மாதவராஜ். அவர் இறந்து நாற்பது நாள் ஆகிறது. அந்த வேலை இனி ராதிகாவுடையது. யார் யார் உள்ளே நுழையலாம் என்று ஆளுக்கொரு வரியாக வைத்திருக்கும் அந்தக் கணினியின் சாவிக் கோப்பில் தன் வரியைச் சேர்த்துவிட்டாள். மேலே இருக்கும் அவருடைய வரியை எடுக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஓடி, முடிவில் அவர் பெயர் நிற்கிறது. “அண்ணன் பேசற மாதிரியே இருக்குங்கக்கா. எங்கெங்கயோ சுத்திட்டுக் கடைசிலதான் விசயத்துக்கு வருது.” இருவரும் சிரிக்கிறோம். அழிக்கும் பொத்தானுக்கு மேலே அவள் விரல் அப்படியே நிற்கிறது. வெளியே தீர்த்தமலை பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. “முன்னாடி ஒரு ஹேஷ் குறி போட்டா வரி அப்படியே இருக்குங்க, சாவி மட்டும் வேலை செய்யாது. அப்படி வுட்டுடட்டுங்களாக்கா?” நான் அந்தப் பெயரைப் பார்க்கிறேன். “வேணாம் ராதிகா. வேலைக்கு ஆவாதது கோப்புல எதுக்குன்னு அவரே திட்டுவாரு. எடுத்துடு.” அவள் பொத்தானை அழுத்துகிறாள். கீழே இருந்த அவளுடைய வரி மேலேறி அவர் இடத்தில் நிற்கிறது.