பிளாஸ்டிக் மூடி

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயத்துக்குப் போக்ஸ் கம்பியே இல்லாத, தட்டு மாதிரியான கார்பன் பின்சக்கரம்தான் வேண்டும் என்று அமலன் ஒற்றைக்காலில் நின்றான்.

“இருக்க வீல் மேல இந்தப் பிளாஸ்டிக் மூடிய மாட்டுனாப் போதும்ண்ணே. காத்து உள்ள பூராது,” என்றாள் கடை நடத்தும் அனுஜா.

“ஏளா, இது என்ன சோத்துப்பானையா, மூடி போட?”

கார்பன் சக்கரத்தை மாட்டிக்கொண்டு, தன் பெயர் ஒட்டிய பழைய சக்கரத்தை அவள் பக்கம் உருட்டிவிட்டான். “இத நீயே வச்சிக்க. பாகக்கொடி படர விடு.”

பந்தயத்தில் நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பினார்கள். உப்பளத்தைத் தாண்டுவதற்குள், அவனுக்கு அடுத்துப் புறப்பட்ட ஆள் அவனைத் திரும்பியும் பாராமல் முந்திப்போனது. பந்தயம் முடியும் துறைமுக வாசலில் அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, அது அனுஜா.

“நல்ல வீல ஒனக்கு ஒளிச்சு வச்சிட்டு, மட்டமானத என் தலையில கட்டிட்டியோ?” என்று எகிறினான் அமலன்.

அவள் தன் பின்சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியைத் திருப்புளியால் கழற்றினாள். உள்ளே போக்ஸ் கம்பிகளைச் சுற்றிய விளிம்பில், ‘அமலன்’ என்ற ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

“பாகக்காய்க்கு இன்னும் விதை போடலண்ணே,” என்றாள்.