பக்கவாசலில் தங்கை

ஞாயிற்றுக்கிழமை வெயில் காலி பெஞ்சுகளின் மேல் நீளமாகப் படுத்திருக்கிறது. நூறு பேர் உட்காரும் ஆலயத்தில் இன்று பதினொரு பேர்தான். ஞானஸ்நானம் பற்றி எழுந்த வாக்குவாதம் முற்றி, போன வருடம் சபை இரண்டாக உடைந்தபோது மற்றவர்கள் எதிர்வீட்டு மாடிக்குப் போய்விட்டார்கள். போதகரின் சொந்தத் தங்கையும் அவர்களோடு போனாள். அங்கே பாடுவது இங்கே தெளிவாகக் கேட்கிறது. போதகர் அப்பமும் திராட்சரசமும் வைத்த திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணியை விலக்கும்போது பக்கவாசல் கதவு கிரீச்சிடுகிறது. கையில் காலிக் கூஜாவோடு தங்கை நிற்கிறாள். எட்டு மாதமாகப் பேசாதவள். "அண்ணா, எங்க திராட்சரச பாட்டில் விழுந்து உடைஞ்சிடுச்சு. கடை எதுவும் திறக்கல." முன்பெஞ்சில் இருக்கும் சபை மூப்பர் தொண்டையைச் செருமுகிறார். "அவங்களுக்கா கொடுக்கப் போறீங்க?" போதகர் தன் பாட்டிலில் பாதியைக் கூஜாவில் சாய்க்கிறார். அவள் கட்டைவிரலில் ஒரு சொட்டு விழுகிறது, அவள் துடைக்கவில்லை. "ரொம்ப இளைச்சுட்டியேண்ணா" என்கிறாள். "நீயும்தான். கொஞ்சம் உட்காரேன்." "அங்க காத்துட்டு இருக்காங்க." அவள் செருப்புச் சத்தம் தெருவைக் கடந்து மாடிப்படி ஏறுகிறது. போதகர் மேசைக்குத் திரும்பி, கிண்ணத்தைத் தொடாமல் நிற்கிறார். எதிரே பாட்டு நிற்கிறது. இங்கே யாரோ இருமுகிறார்கள். "ஐயா, ஆரம்பிக்கலாமே?" என்கிறார் மூப்பர். "இருங்க" என்கிறார் போதகர், எதிர்மாடி ஜன்னலைப் பார்த்தபடி. "அவங்களும் ஊத்தி முடிக்கட்டும். அப்புறம் நாம குடிக்கலாம்."