இருபது மடங்கு

மாசிலாமணி சாரம் கட்டப் போன நாளில் மகள் இதழினியின் தட்டில் முட்டை இருக்கும். மழை பெய்து வேலை நின்றால் வெறும் ரசம்தான். விவாகரத்தானதிலிருந்து, அவன் வருமானம் ஏறி இறங்க, பிள்ளைக்கான ஜீவனாம்சமும் அதிலிருந்து தானாகவே பிடிக்கப்பட்டு, மணிக்கு மணி மாறி, இதழினியின் அம்மா மங்கையின் போனில் வந்து விழுகிறது.

மூன்று நாளாக விடாத மழை. "இன்னிக்கும் ரசமாப்பா?" என்று காலையில் இதழினி போனில் அழுதாள். "இல்லம்மா, மழையோட வேலைக்குப் போறேன்" என்றான் அவன்.

மத்தியானம், மழை இன்னும் பெய்துகொண்டிருக்கும்போதே, தொகை இருபது மடங்கு ஏறியது.

"அம்மா, அப்பாவுக்குப் பெரிய வேலை கிடைச்சிருச்சு!"

மங்கைக்கும் சிரிப்பு வந்தது. 'வருமான வகை' என்பதைத் தொட்டாள். 'பணியிட மரண இழப்பீடு' என்றிருந்தது.

அதற்குள் இதழினி தன் போனில் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ரிங் போகுதும்மா. எடுத்ததும் சைக்கிள் கேக்கப்போறேன்."