இடுப்பு கொஞ்சம் இறுக்கம்

அண்டை நாட்டுடன் நடந்த போரின் நினைவு நாள் நெருங்கினால், அதில் மாண்ட படைவீரரின் மனைவி அவருடைய சீருடையைத் தையற்கடைக்கு எடுத்துவந்துவிடுவார். விழாவில் முதல் வரிசை நாற்காலியில் அதை வைப்பது வழக்கம்.

"இந்த வருஷமும் இடுப்பு பிடிக்குதுண்ணா. பிரிச்சு விடுங்க."

கால்சட்டையின் பொத்தான் தெறித்துப் போயிருந்தது.

"உள்ள மடிச்ச துணியெல்லாம் பிரிச்சாச்சும்மா," என்றார் தையற்காரர் தயங்கியபடி. "இனிமே கல்லுல நார் உரிச்சாதான் உண்டு."

"நாளைக்கு விழா. ஊர் முன்னாடி அவரு மானம் போயிடும். சாப்பாட்டைக் குறைங்கன்னா என் பேச்சை எங்க கேக்குறாரு? நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மாவின் மனம் நோகக் கூடாதே என்று, தையற்காரர் கால்சட்டையைக் கொக்கியில் மாட்டிக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிக்கணும் சார். ராத்திரிச் சாப்பாட்டையாவது கொஞ்சம்..."

இடுப்புப்பட்டி மெல்ல உள்வாங்கிக்கொண்டது.

"சீக்கிரம் பொத்தானைத் தைங்கண்ணா," என்றார் மனைவி. "ரொம்ப நேரம் மூச்சைப் பிடிக்க மாட்டாரு."