அதிகம் தேயாத பிரேக்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு வேகம் இருந்த அளவுக்கு பிரேக் இல்லை. அதனால் அதன் சொந்தக்காரி அமுதவல்லி, விபத்தில் நொறுங்கிய வேறொரு பெரிய காரின் பிரேக்கை வாங்கிப் பொருத்தினாள்.

"அதிகம் தேயவே இல்லையே நீ. இனி எவ்வளவு வேகமா வேணும்னாலும் போகலாம்" என்றது கார்.

"என் பழைய முதலாளியும் அப்படித்தான் சொன்னார். நான் இருக்கிற தைரியத்துல என்னை மிதிக்கவே மாட்டார். கடைசியா மிதிச்சப்போ நேரம் கடந்துபோச்சு" என்றது பிரேக்.



மறுநாள் மலையிலிருந்து இறங்கும்போது அமுதவல்லி உற்சாகமாக வேகத்தைக் கூட்டினாள். வளைவு நெருங்கியது. காருக்குப் பயத்தில் உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிய, அவள் சந்தேகப்பட்டு பிரேக்கை மிதித்தாள்.

வளைவுக்கு அப்பால் தேயிலை பறிக்கும் பெண்கள் கூடைகளோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். கார் அவர்களுக்குச் சற்று முன்னால் நின்றது.

"பிரமாதமான பிரேக்" என்றாள் அமுதவல்லி.

கடைசியாக வந்த வயதான பெண் மூச்சு வாங்க, காரின் முகப்பில் ஒரு நிமிடம் கையை ஊன்றி நின்றுவிட்டுப் போனாள்.