ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

மாணவர் உதவி மையத்தின் கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் காற்றில் படபடக்கிறது. அதை வெட்ட வேண்டிய துணைவேந்தர் இன்னும் வந்தபாடில்லை. தட்டில் கிடக்கும் கத்தரிக்கோல் வெயிலில் மின்னுகிறது. "எங்கள் கதவு மாணவர்களுக்காக எப்போதும் திறந்தே இருக்கும்!" என்று மைக்கில் மறுபடியும் முழங்குகிறார் பதிவாளர். அந்தக் கதவுக்கு முன்னால் முதலாமாண்டு மாணவி ஒருத்தி பெட்டியோடு நிற்கிறாள். படிப்பே வேண்டாம் என்று வீட்டுக்குக் கிளம்பியவளை, "ஒரு தடவை இங்க பேசிட்டுப் போடி" என்று அறைத்தோழி இழுத்து வந்திருக்கிறாள். பதிவாளர் மைக்கைப் பொத்திக்கொள்கிறார். "இப்ப உள்ள போகக் கூடாதும்மா." "எப்பவும் திறந்திருக்கும்னீங்களே சார்?" என்கிறாள் தோழி. "அது திறப்பு விழாவுக்கு அப்புறம்!" உள்ளே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஆலோசகர் எழுந்து வந்து கதவைத் திறக்கிறார். துணி காயும் கொடியைத் தூக்குவதுபோல் ரிப்பனை ஒற்றை விரலால் உயர்த்துகிறார். "தலையைக் குனிஞ்சு வாம்மா." முதலில் பெட்டி போகிறது, பின்னாலேயே அவளும் போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. சற்று நேரம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கிறது. பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு சிரிப்பு. அப்போதுதான் கார் வந்து நிற்கிறது. துணைவேந்தர் கத்தரிக்கோலும் கையுமாகக் கதவை நெருங்குகிறார். கண்ணாடியின் உட்புறம் ஓர் அட்டை தொங்குகிறது: 'பேசிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து காத்திருக்கவும்.' பதிவாளர் வானத்தைப் பார்க்கிறார். தோழி ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "உட்காருங்க சார். அவ பேச ஆரம்பிச்சா லேசுல நிறுத்தமாட்டா."